12 வோல்ட் பல்புக்கு டிரான்சிஸ்டர் சுவிட்ச்: பட்டறை வழி

டிரான்சிஸ்டரை சுவிட்சாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் எல்இடியில்தான் தொடங்குகிறார்கள். நான் என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு இழைப் பல்பில் தொடங்கச் சொல்கிறேன். எல்இடிக்குப் பத்து, பதினைந்து மில்லிஆம்பியர் போதும். டிரான்சிஸ்டர் பாதி திறந்திருந்தாலும் அது எரியும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், கலெக்டர், எமிட்டர்; இதில் கலெக்டரையும் எமிட்டரையும் மாற்றி மாட்டினால்கூட சில சமயம் எரியும். செய்தது சரியா தப்பா என்று தெரியாமலே வேலை முடிந்துவிடும். இழைப் பல்ப் அப்படி விடாது. எங்கே குறை வைத்தோமோ, அதை மங்கலான வெளிச்சத்திலோ டிரான்சிஸ்டரின் சூட்டிலோ உடனே காட்டிவிடும்.

இருசக்கர வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன் நான். அதனால் என் உதாரணமும் வண்டியிலிருந்தே வருகிறது: பார்க் லைட்டில் செருகும் 12 வோல்ட் 5 வாட் கேப்லெஸ் பல்ப். எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். கண்ணாடி அடியில் மடித்துவிட்ட இரண்டு கம்பிகளோடு ஹோல்டரில் அப்படியே செருகிக்கொள்ளும். ஹோல்டரும் வாங்கிவிடுங்கள். பல்பின் கம்பியில் நேரடியாக ஈயம் வைக்கப் போனால் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும்.

வீட்டு 230 வோல்ட் பல்புக்கு இதில் உள்ள எதுவும் பொருந்தாது. இங்கே சொல்கிற டிரான்சிஸ்டரை அந்த லைனில் வைக்கவே கூடாது. இது பேட்டரியில் எரியும் சின்ன பல்புக்கு மட்டும்.

முதலில் பல்பை அளக்க வேண்டும்

டிரான்சிஸ்டரை எடுப்பதற்கு முன் மீட்டரை எடுங்கள். 5 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 0.42 ஆம்பியர். அதாவது எரியும்போது அந்த இழை சுமார் 29 ஓம் மாதிரி நடந்துகொள்கிறது. இப்போது பல்பை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 2 ஓம், 3 ஓம் என்றுதான் காட்டும். மீட்டர் வயர்களின் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்து அந்த அளவைக் கழித்துக்கொண்டால் இன்னும் சரியாக வரும்.

மீட்டரில் கோளாறு இல்லை. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். ஆக, சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில் பல்ப் கேட்பது 0.42 ஆம்பியர் இல்லை. 12 வோல்ட்டை இரண்டரை ஓமால் வகுத்துப் பாருங்கள், ஐந்து ஆம்பியருக்குப் பக்கத்தில் வரும். சில பத்து மில்லிசெகண்டில் இழை சூடாகி 0.42க்கு இறங்கிவிடும். ஆனால் அந்தச் சில மில்லிசெகண்டுகள் டிரான்சிஸ்டருக்கு நீண்ட நேரம். பல்பின் மேல் அச்சடித்திருக்கும் வாட்டை மட்டும் பார்த்து டிரான்சிஸ்டர் வாங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எந்த டிரான்சிஸ்டர்

எல்லார் டப்பாவிலும் கிடப்பது பிசி 547. நல்ல டிரான்சிஸ்டர், ஆனால் அதன் எல்லை 100 மில்லிஆம்பியர். நம் பல்ப் எரியும்போதே அதைப்போல் நான்கு மடங்கு கேட்கிறது. பள்ளிக் கண்காட்சிக்குச் செய்துவந்து "அண்ணே, எரிய மாட்டேங்குது" என்று காட்டும் மாடல்களில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன். பிசி 337 கொஞ்சம் பெரியது. தயாரிப்பாளரைப் பொறுத்து 500 முதல் 800 மில்லிஆம்பியர். எரியும் கரன்ட்டைத் தாங்கும். ஆனால் தொடங்கும் கணத்தின் அடியை நாள்தோறும் வாங்கிக்கொண்டு நிற்கும் என்று நான் நம்பமாட்டேன்.

நான் போடுவது பிடி 139 (BD139). 80 வோல்ட், 1.5 ஆம்பியர், திருகு மாட்ட நடுவில் ஒரு ஓட்டை. சென்னை ரிச்சி தெருவில் கேட்டவுடன் எடுத்துத் தருவார்கள். மற்ற ஊர்களில் டிவி மெக்கானிக்குகள் ஸ்பேர் வாங்கும் கடையில் கேளுங்கள். பாலிடெக்னிக்கில் படித்த பழைய ஆட்கள் எஸ்எல் 100 என்று உலோகத் தொப்பி போட்ட டிரான்சிஸ்டர் ஒன்றைச் சொல்வார்கள். இங்கே லேப்களில் தலைமுறைகளாக ஓடியது அது. வீட்டில் கிடந்தால் சின்ன பல்புக்குப் பயன்படுத்தலாம். இதற்கென்று தேடி அலைய வேண்டாம்.

பிடி 139இன் எழுத்துப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாக எமிட்டர், கலெக்டர், பேஸ். பின்பக்க உலோகத் தகடும் கலெக்டர்தான், அதனால் அது வண்டி பாடியிலோ வேறு எர்த்திலோ (நெகட்டிவ் பக்கம்) தொடக்கூடாது. தொட்டால் பல்ப் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். பிசி 547இல் வரிசையே வேறு: தட்டையான முகம் உங்களைப் பார்த்தால் கலெக்டர், பேஸ், எமிட்டர். இரண்டையும் ஒரே போர்டில் வைக்கும்போது பையன்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

சந்தேகம் வந்தால் மீட்டரை டயோடு அளவில் வையுங்கள். சிவப்பு முனையை ஒரு காலில் வைத்து, மற்ற இரண்டு கால்களையும் கறுப்பால் தொடும்போது இரண்டிலும் 0.6, 0.7 வருகிறதென்றால் சிவப்பு இருப்பது பேஸ், டிரான்சிஸ்டர் என்பிஎன் (இங்கே நமக்கு வேண்டிய வகை). இரண்டு அளவுகளில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும். சற்றுக் கூடுதலாகக் காட்டுவது எமிட்டர் பக்கம். ஓட்டை மீட்டரிலும் இந்தச் சோதனை வேலை செய்யும்.

பேஸ் ரெசிஸ்டர்: வேலையின் உயிர் இங்கேதான்

அரை கிளட்ச்சில் வண்டி ஓட்டினால் கிளட்ச் தட்டு என்ன ஆகும் என்று பட்டறைக்கு வரும் எல்லாருக்கும் தெரியும். முழுக்கப் பிடித்தாலும் சூடில்லை, முழுக்க விட்டாலும் சூடில்லை. நடுவில் நின்றால்தான் கருகும். டிரான்சிஸ்டரும் அப்படியே. முழுக்க மூடியிருந்தால் அதன் வழியே கரன்ட் இல்லை, சூடு இல்லை. முழுக்கத் திறந்திருந்தால் அதன் குறுக்கே வோல்ட்டேஜ் அரை வோல்ட்டுக்கும் கீழே, 0.42 ஆம்பியரை 0.3 வோல்ட்டால் பெருக்கினால் 0.13 வாட்தான். விரலால் தொட்டால் வெதுவெதுப்புகூடத் தெரியாது. நடுவில் நின்றால் கதையே வேறு.

சுவிட்ச் என்ற பெயருக்கு ஏற்ப முழுக்கத் திறக்க வைப்பது பேஸுக்குப் போகும் கரன்ட். எவ்வளவு கொடுக்க வேண்டும்? நிறையப் பேர் டேட்டாஷீட்டைத் திறந்து, கெயின் (பேஸ் கரன்ட்டைப்போல் எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்ற எண்) 100 என்று பார்த்து, 420ஐ 100ஆல் வகுத்து 4 மில்லிஆம்பியர் போதும் என்று முடிவு கட்டுகிறார்கள். தப்பு இங்கேதான் நடக்கிறது. பிடி 139இன் அந்த 100 என்ற எண், டிரான்சிஸ்டரின் குறுக்கே 2 வோல்ட் இருக்கும்போது அளந்தது. அதாவது அரை கிளட்ச் நிலையில் அளந்தது. அதே டேட்டாஷீட்டில் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்: கலெக்டரில் 500 மில்லிஆம்பியர் ஓடும்போது குறுக்கே 0.5 வோல்ட்டுக்கு மேல் போகாது என்று உறுதி தருகிறார்கள். அதற்கு பேஸுக்கு அவர்கள் கொடுத்தது 50 மில்லிஆம்பியர். பத்தில் ஒரு பங்கு.

ஆகவே என் கணக்கு எளிது: பல்ப் கரன்ட்டில் பத்தில் ஒரு பங்கை பேஸுக்குக் கொடு. 420க்கு 42 மில்லிஆம்பியர். கெயின் எண்ணை மறந்துவிடலாம். ஒரே பாக்கெட்டில் வரும் இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கே அது மாறும்.

பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே சுமார் 0.8 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டிலிருந்து கொடுத்தால் ரெசிஸ்டரின் குறுக்கே மீதி 11.2. அதை 0.042ஆல் வகுத்தால் 267 ஓம்; கடையில் கிடைப்பது 270. இதோடு நிறுத்தாமல் வாட்டையும் பாருங்கள். 11.2ஐ 11.2ஆல் பெருக்கி 270ஆல் வகுத்தால் 0.46 வாட். கடையில் "270 ஓம்" என்று மட்டும் கேட்டால் கால் வாட் ரெசிஸ்டரைத் தந்துவிடுவார்கள், அது புகைந்து கருகும். அரை வாட்டும் விளிம்பில்தான் நிற்கும். ஒரு வாட் என்று சொல்லி வாங்குங்கள்.

அதே பேஸ் கரன்ட்டை 5 வோல்ட் செல்போன் சார்ஜரிலிருந்து எடுத்தால் 4.2 வோல்ட்தான் ரெசிஸ்டரில் விழும். 100 ஓம், அரை வாட் போதும். சூடு பாதிக்கும் கீழே வந்துவிடும். இரண்டு மின்சாரமும் கையில் இருந்தால் நான் இதைத்தான் செய்வேன்.

இணைப்பு

வண்டி பேட்டரி என்றால் முதல் வேலை, பேட்டரி பாசிட்டிவ் ஓரத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ். வண்டி பேட்டரி சின்னதாகத் தெரியும். ஷார்ட் ஆனால் வயர் இன்சுலேஷன் உருகும் அளவுக்குக் கரன்ட் கொடுக்கும். அடாப்டர் என்றால் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் எடுங்கள். 1 ஆம்பியர் அடாப்டர்கள் சில, பல்பின் முதல் அடியைப் பார்த்து ஷார்ட் என்று நினைத்துத் தங்களையே அணைத்துக்கொள்ளும். பல்ப் விட்டுவிட்டு மின்னும்.

ஃபியூஸிலிருந்து வரும் பாசிட்டிவ் நேராகப் பல்பின் ஒரு காலுக்கு. பல்பின் மறு கால் கலெக்டருக்கு. எமிட்டர் நேராக நெகட்டிவுக்கு. பாசிட்டிவிலிருந்து ஒரு புஷ் பட்டன், அதன் மறுபக்கம் 270 ஓம், அதிலிருந்து பேஸ். கடைசியாக பேஸிலிருந்து எமிட்டருக்கு 10 ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பட்டன் விட்டிருக்கும்போது பேஸ் அந்தரத்தில் தொங்காமல் நெகட்டிவோடு பிடித்து வைக்கிறது இது. இதில்லாமலும் இந்தச் சின்ன சர்க்யூட் ஓடும். ஆனால் பின்னால் பட்டன் இருக்கும் இடத்தில் வேறு எதையாவது இணைக்கப் போகிறீர்கள், அப்போது தேவைப்படும். பழகிக்கொள்வது நல்லது.

பட்டனை அழுத்துங்கள். பல்ப் நேராக பேட்டரியில் வைத்தால் எரிவது போலவே எரிய வேண்டும். கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்தால் எங்கோ குறை.

பல்பை எமிட்டர் பக்கம் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். வைக்காதீர்கள். எமிட்டர் எப்போதும் பேஸைவிட 0.7 வோல்ட் கீழேதான் நிற்கும். பேஸுக்கு 5 வோல்ட் கொடுத்தால் பல்புக்குக் கிடைப்பது 4.3; மீதி 7.7 வோல்ட் முழுவதும் டிரான்சிஸ்டரின் தலையில். பேஸுக்கு எவ்வளவு தாராளமாகக் கரன்ட் கொடுத்தாலும் அதை மாற்ற முடியாது. பல்ப் மேலே, டிரான்சிஸ்டர் கீழே, எமிட்டர் எர்த்தில்: என்பிஎன்னுக்கு இதுதான் இடம்.

அரை கிளட்ச்சை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்

எண்ணில் சொன்னதைக் கையால் உணர்ந்தால் மறக்காது. அதனால் பையன்களிடம் வேண்டுமென்றே 270 ஓமைக் கழற்றி 4.7 கிலோ ஓம் போடச் சொல்வேன். இப்போது பேஸுக்குப் போவது 2.4 மில்லிஆம்பியர். கெயின் 100 உள்ள டிரான்சிஸ்டரானால் கலெக்டரில் 240 மில்லிஆம்பியர் ஓடும். பல்ப் சிவந்து மங்கலாக எரியும். மீட்டரை கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே வைத்தால் 7 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 0.24ஐ 7.5ஆல் பெருக்குங்கள்: 1.8 வாட். முழுக்கத் திறந்திருந்தபோது 0.13 இருந்த இடத்தில் 1.8. விரலை மெதுவாகக் கொண்டுபோங்கள், சூடு ஏறுவது சில நொடியில் தெரியும். ஐந்து நொடிக்கு மேல் வைக்க வேண்டாம்.

சூடு தணிக்கும் தகடு மாட்டாத பிடி 139, 25 டிகிரி அறையில் தாங்குவது 1.25 வாட். நம் ஊர் சித்திரை வெயிலில் பட்டறைக்குள் 40 டிகிரி இருக்கும்போது அது 1.1 வாட்டாகக் குறைந்துவிடும். 1.8 வாட்டில் விட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும். பல்ப் குறைவாக எரிகிறது, அதனால் டிரான்சிஸ்டருக்கும் வேலை குறைவுதான் என்று தோன்றும். உண்மை தலைகீழ்.

மீட்டரை வைத்துக் குறை கண்டுபிடிப்பது

எனக்கு இந்தச் சர்க்யூட்டில் தேவைப்படுவது ஒரே அளவு: கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே வோல்ட்டேஜ். அதை வைத்தே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

பட்டன் அழுத்தியிருக்கும்போது 0.5க்குக் கீழே இருந்தால் வேலை முடிந்தது. 1 முதல் 9 வரை எதுவாக இருந்தாலும் டிரான்சிஸ்டர் பாதியில் நிற்கிறது: பேஸ் ரெசிஸ்டர் பெரியது, அல்லது கலெக்டர் எமிட்டர் மாறியிருக்கிறது. மாற்றி மாட்டினாலும் டிரான்சிஸ்டர் கொஞ்சம் வேலை செய்யும், கெயின்தான் படுத்துவிடும். 12 முழுவதும் அங்கேயே நின்றால் டிரான்சிஸ்டர் திறக்கவே இல்லை. அப்போது மீட்டரை பேஸுக்கும் எமிட்டருக்கும் மாற்றுங்கள். அங்கே பூஜ்யம் என்றால் பட்டன், ரெசிஸ்டர், ஈயம் வைத்த இடம் மூன்றையும் பாருங்கள். 0.7, 0.8 இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை என்றால் கலெக்டர் உள்ளே அறுந்திருக்கிறது. 2 வோல்ட், 3 வோல்ட் என்று ஏறி நின்றால் பேஸ் எமிட்டர் சந்தியே போய்விட்டது. நல்ல டிரான்சிஸ்டரில் அது ஒரு வோல்ட்டைத் தாண்டாது.

பட்டன் விட்டிருக்கும்போது கலெக்டரில் 12 இருக்க வேண்டும், இழை வழியாக வருவது அது. பட்டன் விட்டும் பூஜ்யம், பல்பும் எரியவில்லை என்றால் பல்ப் ஃபியூஸ், அல்லது ஹோல்டரில் பிடிப்பு இல்லை. பூஜ்யம், ஆனால் பல்ப் எரிந்துகொண்டே இருக்கிறது என்றால் டிரான்சிஸ்டர் உள்ளே ஷார்ட். அடி வாங்கிய டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

ஆர்டுயினோவில் இணைக்கும்போது

இப்போது நிறையப் பிள்ளைகள் இதற்காகத்தான் வருகிறார்கள். ஆர்டுயினோ ஊனோ என்ற, புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டின் ஒரு பின் (இணைப்புக் கால்) நிம்மதியாகக் கொடுப்பது 20 மில்லிஆம்பியர். 40 அதன் உச்ச வரம்பு, அங்கே வைத்து ஓட்டக் கூடாது. நமக்கு வேண்டியது 42. நேராக இணைத்தால் ஒன்று பின் கெடும், இல்லையென்றால் டிரான்சிஸ்டர் பாதியில் நிற்கும்.

டப்பாவில் கிடந்த பிசி 547க்கு இங்கே வேலை வருகிறது. ஆர்டுயினோ பின்னிலிருந்து 1 கிலோ ஓம், அதிலிருந்து பிசி 547இன் பேஸ். அதன் கலெக்டருக்கு 5 வோல்ட்டிலிருந்து 100 ஓம் அரை வாட். அதன் எமிட்டர் நேராக பிடி 139இன் பேஸுக்கு. பிடி 139இன் பேஸிலிருந்து எர்த்துக்கு 1 கிலோ ஓம். பின் கொடுப்பது மூன்றரை மில்லிஆம்பியர். சின்ன டிரான்சிஸ்டர் அதை வைத்து 40ஐத் தள்ளுகிறது. பெரியது அதை வைத்து 420ஐ இழுக்கிறது. இஎஸ்பி 32 போல 3.3 வோல்ட் போர்டு என்றால் முதல் ரெசிஸ்டரை 470 ஓமாக மாற்றினால் போதும்.

பிசி 547இன் பேஸிலிருந்தும் எர்த்துக்கு 10 கிலோ ஓம் ஒன்று வையுங்கள். போர்டுக்கு மின்சாரம் வந்து புரோகிராம் தொடங்கும்வரை பின் அந்தரத்தில்தான் இருக்கும். இரண்டு டிரான்சிஸ்டர் சேர்ந்தால் விரல் தொட்டாலே பல்ப் மினுங்கும் அளவுக்குக் கூர்மை வந்துவிடும். இந்த ரெசிஸ்டர் அதை அடக்கும்.

ஆர்டுயினோவின் எர்த்தும் 12 வோல்ட்டின் நெகட்டிவும் ஒரு வயரால் சேர்ந்திருக்க வேண்டும். "எல்லாம் சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன், எரியவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வயரை. பின்னிலிருந்து கிளம்பிய கரன்ட் எமிட்டர் வழியாகத் திரும்பி வந்தால்தானே பேஸில் ஓடும்? திரும்பும் பாதை இல்லையென்றால் ஒன்றும் நடக்காது.

வெளிச்சத்தைக் குறைத்துக் கூட்டவும் ஆசை வரும். அதற்காக டிரான்சிஸ்டரைப் பாதியில் நிறுத்த வேண்டியதில்லை. பிடபிள்யூஎம் பின்னைப் பயன்படுத்துங்கள்; ஊனோவில் பெரும்பாலான பின்கள் நொடிக்குச் சுமார் 490 தடவை திறந்து மூடும். ஒவ்வொரு தடவையும் முழுக்கத் திறப்பு, முழுக்க மூடல். இழை அவ்வளவு வேகமாக ஆறாது, அதனால் கண்ணுக்குச் சீரான மங்கல் ஒளி. இதிலேயே இன்னொரு நன்மையும் இருக்கிறது: பல்பைப் போடும்போது ஒரேயடியாகப் போடாமல் அரை நொடியில் படிப்படியாக ஏற்றினால் குளிர் இழையின் முதல் அடி வெகுவாகக் குறையும். பல்பும் அதிக நாள் வரும், டிரான்சிஸ்டரும் வரும்.

ஆர்டுயினோ இல்லாமல் அந்த அடியைக் குறைக்க ஒரு பழைய வழி உண்டு. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் குறுக்கே 150 ஓம் 2 வாட் ரெசிஸ்டர். பல்ப் அணைந்திருக்கும்போதும் 80 மில்லிஆம்பியர் அளவுக்கு இழை வழியே ஓடி, ஒளி தெரியாமல் அதை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். பேட்டரியில் ஓடும் வேலைக்கு இது வீண்செலவு. அடாப்டரில், அடிக்கடி போட்டு அணைக்கும் விளக்குக்கு நல்லது.

இருட்டினால் எரியும் விளக்கு

தானியங்கித் தெருவிளக்கு மாடல் இல்லாத அறிவியல் கண்காட்சி கிடையாது. ஒரு எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்பத் தடை மாறும் ரெசிஸ்டர்), ஒரு சாதா ரெசிஸ்டர், நேராக டிரான்சிஸ்டர் பேஸுக்கு. கையால் எல்டிஆரை மூடினால் எரியும், எடுத்தால் அணையும். மேசையில் பார்க்க அழகாக இருக்கும். அதையே வீட்டு வாசலில் வைத்தால் சாயங்காலம் ஒவ்வொரு நாளும் டிரான்சிஸ்டர் அவஸ்தைப்படும். ஏனென்றால் சூரியன் கை போல டக்கென்று மூடுவதில்லை. வெளிச்சம் இறங்க இறங்க எல்டிஆரின் தடை மெல்ல மெல்ல ஏறும், பேஸ் கரன்ட்டும் மெல்ல ஏறும், அந்தி முடியும்வரை டிரான்சிஸ்டர் அரை கிளட்ச்சில் நிற்கும். மழை மேகம் கவிந்த நாளில் மத்தியானமே அந்த நிலைக்கு வந்துவிடும்.

நடுவில் ஒரு 555 ஐசி வைத்தால் இது தீர்ந்துவிடும். இதை நேரம் எண்ணும் ஐசி என்றே பலருக்குத் தெரியும். இங்கே அதன் இரட்டை எல்லைக்காக வைக்கிறோம். 2ஆம் காலையும் 6ஆம் காலையும் சேர்த்துவிடுங்கள். 12 வோல்ட்டிலிருந்து எல்டிஆர் அந்தச் சந்திப்புக்கு. சந்திப்பிலிருந்து எர்த்துக்கு 100 கிலோ ஓம் பிரீசெட் (திருகித் தடையை மாற்றும் ரெசிஸ்டர்). 8ஆம் காலும் 4ஆம் காலும் 12 வோல்ட்டுக்கு, 1ஆம் கால் எர்த்துக்கு. 5ஆம் காலிலிருந்து எர்த்துக்கு 0.01 மைக்ரோஃபாரட். 8க்கும் 1க்கும் பக்கத்திலேயே 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். பல்பின் முதல் அடியில் வோல்ட்டேஜ் சரிந்து ஐசி குழம்பாமல் அது தாங்கும்.

3ஆம் கால்தான் வெளிவாசல். 12 வோல்ட்டில் ஓடும் 555 அங்கே சுமார் 10.5 வோல்ட் தரும், 40 மில்லிஆம்பியரைச் சிரமமில்லாமல் கொடுக்கும். அதிலிருந்து 220 ஓம் 1 வாட், பிடி 139இன் பேஸ். நடுவில் பிசி 547 தேவையில்லை.

இது எப்படி நடந்துகொள்ளும் என்றால்: சந்திப்பு 4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பல்ப் முழுக்க எரியும், 8 வோல்ட்டுக்கு மேலே ஏறினால்தான் அணையும். நடுவில் எங்கே நின்றாலும் இருந்த நிலையிலேயே இருக்கும். எல்டிஆர் கணக்கில் சொன்னால், அதன் தடை பிரீசெட்டைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் எரியும், பாதிக்குக் கீழே வந்தால் அணையும். அந்த நான்கு மடங்கு இடைவெளிதான் அந்தி நேர மினுக்கலை நிறுத்துகிறது. ஆனாலும் எல்டிஆர் மேல் இந்தப் பல்பின் வெளிச்சமே நேராக விழும்படி வைக்காதீர்கள், எந்த இடைவெளியும் அதற்குப் போதாது. ஒரு துண்டு கறுப்பு ஸ்லீவை எல்டிஆர் மேல் செருகி வானத்தைப் பார்க்க வையுங்கள்.

பல்புக்குப் பதில் ரிலே (காயில் இழுத்து இயங்கும் சுவிட்ச்) மாட்டுகிறவர்கள் ஒன்று சேர்க்க வேண்டும்: காயிலின் குறுக்கே 1என் 4007 டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். காயில் அணையும்போது எதிர்த் திசையில் கிளப்பும் வோல்ட்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். பல்புக்கு அது வேண்டாம்.

பெரிய பல்புக்குப் போகும்போது

5 வாட் சரி, பிரேக் லைட்டின் 21 வாட் பல்புக்கு? 21ஐ 12ஆல் வகுத்தால் 1.75 ஆம்பியர். பிடி 139இன் எல்லையைத் தாண்டிவிட்டது. டிப் 122 (TIP122) போடலாம் என்பார்கள். உள்ளேயே இரண்டு டிரான்சிஸ்டர் அடுக்கிய டார்லிங்டன் அது, 5 ஆம்பியர் தாங்கும், பேஸுக்கும் கொஞ்சம் போதும். ஆனால் முழுக்கத் திறந்தாலும் அதன் குறுக்கே ஒரு வோல்ட் அளவுக்கு நின்றுவிடும், அந்த அடுக்கின் குணம் அது. ஒன்றரை, இரண்டு வாட் சூடு, அலுமினியத் தகடு கட்டாயம். நான் அதை விட்டுவிட்டுப் பல வருஷம் ஆகிறது.

அந்த அளவுக்கு மேல் மாஸ்ஃபெட்தான் (கேட் என்ற காலில் வோல்ட்டேஜ் வைத்தால் திறக்கும் டிரான்சிஸ்டர் வகை). ஐஆர்எல்இசட் 44என் கேட்டு வாங்குங்கள். எழுத்துப் பக்கம் பார்த்து இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். பல்ப் டிரெயினில், சோர்ஸ் எர்த்தில், ஆர்டுயினோ பின்னிலிருந்து 100 ஓம் வழியாக கேட், கேட்டிலிருந்து எர்த்துக்கு 10 கிலோ ஓம். கேட்டுக்குத் தொடர்ந்து கரன்ட் வேண்டாம், 5 வோல்ட் மட்டும் நின்றால் போதும். முழுக்கத் திறந்தபோது அதன் தடை 0.025 ஓம், 1.75 ஆம்பியரில் 0.08 வாட். தகடே வேண்டாம்.

வாங்கும்போது எழுத்தை உரக்கப் படித்துச் சரிபாருங்கள். ஐஆர்எஃப்இசட் 44என் என்று ஒன்று அதே உருவத்தில், அதே அலமாரியில் இருக்கும். அது முழுக்கத் திறக்க கேட்டில் 10 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டில் ஓடும் 555இன் 3ஆம் கால் அதைத் தரும். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் அது பாதியில் நின்று சூடாகும்.